இரண்டு கையெழுத்து கேட்கும் படிவம்

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். எங்கள் கடையின் கேக் அடுப்பும் சௌக்கியம். முந்தாநாள்தான் ஆள் வந்து பர்னரை மாற்றிவிட்டுப் போனான். அங்கே நீ, மாப்பிள்ளை, உங்கள் மகள் வால் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயிற்று. "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று ஒரே பேச்சில் மூன்று தடவை சொன்னாய். ஒரு தடவை சொன்னால் நல்லா இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்று தடவை சொன்னால், சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது, பக்கத்தில் ஆளும் இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இரண்டு அறை வீட்டில் நீ போனில் தும்மினாலும் மாப்பிள்ளைக்கும் உன் மகளுக்கும் கேட்கும். காகிதம் சத்தம் போடாது. நீ வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அலமாரிக்குப் பின்னால் நின்று எழுது.

இங்கே செய்தி என்னவென்றால், கேக் மேல் எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக உன் அத்தான்தான் க்ரீம் கூம்பைப் பிடித்து முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தார். போன மாதம் திடீரென்று, "எனக்குப் போரடிச்சுப் போச்சு, இனிமே நீயே எழுது" என்றார். என் கையெழுத்து உனக்குத் தெரியும். வங்கி மேலாளர் ஓய்வு பெறும் விழாவுக்கு 'வாழ்த்துகள்' எழுதினேன். வாங்க வந்த பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கொடியா, பூவா?" என்றாள். "ரெண்டும்தான்மா" என்று மூடியைப் போட்டுவிட்டேன்.

எதிர்க்கடை சலூன்காரர் தலைக்குச் சாயம் அடித்து இருபது வயதைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவரு வீட்ல இல்லை, அப்புறம் வாங்க" என்று சொன்னாளாம்.

மறைக்காமல் எழுது. நம் குடும்பத்தில் மறைக்கத் தெரியாதவள் நீ ஒருத்திதான். நாற்பத்து நான்கு வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

வாய் ஓயாத,
உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் மூவரும் நலம். வாலுக்கு இன்னொரு பல் விழுந்தது. அதை என் கைப்பைக்குள் போட்டுவிட்டு எனக்குச் சொல்லவில்லை. சில்லறை தேடும்போது பஸ்ஸில் கையில் வந்தது. நீயும் அத்தானும் நலமாக இருக்கிறீர்கள் என்று படித்ததில் நிம்மதி.

நீ கண்டுபிடித்தது சரிதான். விஷயம் இருக்கிறது.

வால் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் கருத்தரிப்பு மையத்துக்கு இரண்டு வருடம் நடந்தது உனக்குத் தெரியும். நீகூடத் துணைக்கு வந்து, காத்திருக்கும் அறையில் இருந்த அத்தனை பேரின் கதையையும் கேட்டு முடித்தாய். அப்போது ஆறு கரு உண்டாயிற்று. இரண்டை என் வயிற்றில் வைத்தார்கள். ஒன்று தங்கவில்லை, ஒன்று வாலாக வந்தது. மீதி நான்கும் இன்னும் அங்கேதான் உறைய வைத்தபடி இருக்கின்றன. ஐந்து நாள் வளர்ந்ததும் அப்படியே நிறுத்தியவை. பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்களாம். இந்த வருடம் பத்து முடிகிறது. ஜூன் 30-க்குள் பதில் சொல்லச் சொல்லி ஒரு படிவம் வந்திருக்கிறது.

அதில் மூன்று கட்டம். முதலாவது, மறுபடி கர்ப்பம். என் வயதுக்கும் என் ரத்த அழுத்தத்துக்கும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு தம்பதிக்குக் கொடுக்கும் வழி அந்த மையத்தில் இல்லை. இரண்டாவது, உறைநிலையிலிருந்து எடுத்து, அப்படியே விட்டு, அகற்றிவிடுவது. மூன்றாவது, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது. கருவைப் பிரித்து உள்ளே இருக்கும் செல்களை எடுத்து வளர்ப்பார்கள். உடம்பின் எந்தப் பாகமாகவும் ஆகக்கூடிய செல்கள் அவை. நோய்களுக்கு வழி கண்டுபிடிக்க உதவும். ஆனால் எடுத்த பிறகு கரு கருவாக இருக்காது.

எந்தக் கட்டத்தைக் குறித்தாலும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். உன் மாப்பிள்ளை படிவத்தை இரண்டு முறை படித்தார். நாலாக மடித்து சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினார். "பாக்கலாம்" என்றார். இருபது நாளாக அதுதான் பேச்சு. லாரிகளுக்கு எடை போடுகிற மனிதர். வீட்டில் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுவிட்டு, வேண்டாம் என்று உள்ளேயே இறக்கி வைத்துவிடுகிறார்.

நீ என்ன சொல்கிறாய் அக்கா? என் தலைமுடியிலிருந்து என் கல்யாணம் வரை நீ அபிப்பிராயம் சொல்லாத விஷயம் கிடையாது. இதற்கும் சொல்.

பதிலை எதிர்பார்க்கும்,
சின்னவள்


பிப்ரவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். வாலின் பல்லைப் பத்திரமாக வை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைப் பையனிடம் காட்டி மானத்தை வாங்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தே நம் அம்மா காலம் தள்ளினாள். உனக்கு வந்த நாலு பேரும் வாயே திறக்காத நாலு பேர். அதுதான் சங்கடம்.

அபிப்பிராயம் கேட்டிருக்கிறாய். என் அபிப்பிராயங்களின் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார். உன் தலைமுடியை வெட்டச் சொன்னேன். ஒரு வருடம் தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தாய். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு ஊமை, வேண்டாம்" என்றேன். நீ அவரையே கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாய். எனவே அவசரப்படாமல் யோசித்துச் சொல்கிறேன். ஜூன் வரை காலம் இருக்கிறது. முதலில் மாப்பிள்ளை வாயைத் திறக்கட்டும். நான் மூன்றாம் மனுஷி.

நான் என்னை மூன்றாம் மனுஷி என்று சொல்வது இதுதான் முதல் தடவை. கடிதத்தைப் பத்திரப்படுத்திக்கொள்.

கேக் எழுத்து முன்னேறியிருக்கிறது. இப்போது கொடி மாதிரி மட்டும் தெரிகிறது, பூ போய்விட்டது.

யோசித்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா


பிப்ரவரி 9
(எழுதியது, தபாலில் போடாதது)

சின்னவளே,

நேற்று ஒரு கடிதம் போட்டேன். அது முழுக்க நடிப்பு. இதை அனுப்பப் போவதில்லை என்பதால் உண்மையை எழுதுகிறேன்.

உன் அத்தானுக்கு நடுக்குவாதம். நவம்பரில் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வலது கை. முதலில் கட்டைவிரல், இப்போது மணிக்கட்டு வரைக்கும். அவருக்கு எழுதப் போரடிக்கவில்லை. டிசம்பரில் ஒரு பிறந்தநாள் கேக்கை மூன்று முறை எழுதினார், மூன்று முறை வழித்து எடுத்தார். நாலாவது தடவை கூம்பை என் கையில் கொடுத்துவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். உனக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தமாம். இவருடைய கை ஆடுவதற்கும் உன் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சொன்னா ஓடி வருவா. வந்து அழுவா. கேக் உப்பாயிடும்" என்றார்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மூளையில் செத்துப்போகிற செல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வளர்த்து வைத்துப் பார்க்கிறார்களாம். சோதனையில்தான் இருக்கிறதாம். அந்தச் செல்களை எதிலிருந்து வளர்க்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் உன் வீட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால் அது நாலாக மடித்து இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் என் வாயில் முதலில் வந்த சொல் 'கொடு' என்பதுதான். உன் வருத்தம் என்ன, மாப்பிள்ளை ஏன் பேசவில்லை என்றெல்லாம் நினைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதனால்தான் சொல்ல மாட்டேன். அத்தானுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் நீ அடுத்த நிமிடமே கையெழுத்துப் போடுவாய், மாப்பிள்ளை கையையும் பிடித்துப் போடவைப்பாய். பிறகு எந்த நாளில் உனக்கு வருத்தம் வந்தாலும் அதை என்னிடம் சொல்ல முடியாது.

மத்தியானம் இரண்டு மணி. உன் அத்தான் மாவு மூட்டை மேல் சாய்ந்து தூங்குகிறார். தூக்கத்தில் கை ஆடுவதில்லை.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். போன ஞாயிறு போனில் அரை மணி நேரம் பேசினோம்; சலூன்காரர் சாயத்தைப் பற்றியே இருபது நிமிடம். நீ யோசித்து முடித்தாயா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. வால் என் மடியில் இருந்தாள்.

உன் மாப்பிள்ளை வாயைத் திறந்துவிட்டார். என்னிடம் இல்லை, மையத்தில். விவரம் கேட்க இரண்டு பேரும் போயிருந்தோம். அங்கே கருக்களைக் கவனித்துக்கொள்கிற அம்மா ஒருவர், ஆய்வக அம்மா என்று எல்லாரும் சொல்வார்கள், பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாலும் சேர்ந்து என்ன எடை இருக்கும்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். அப்புறம் இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எங்ககிட்ட இருக்கிற எந்தத் தராசுலயும் காட்டாதுங்க. ஒரு முற்றுப்புள்ளியைவிடச் சின்னது."

பஸ் பாதி வழி வந்த பிறகு இவர் என்னிடம் சொன்னார்: "என் மேடையில ஒரு மனுஷன் ஏறி நின்னா முள்ளு அசையாது. லாரிதான் ஏறணும். அதுக்காக மனுஷனுக்கு எடை இல்லைன்னு எழுதிட முடியுமா?"

வீட்டுக்கு வந்து, "அப்போ அகற்றிடச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "அகற்றினா மட்டும் எடை இல்லாம போயிடுமா?" என்கிறார். இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம் என்றால் ஜூன் 30-க்கு அப்புறம் அவர்களே அகற்றிவிடுவார்கள். எதையும் செய்யாமல் இருப்பதும் இரண்டாவது கட்டம்தான். அதைச் சொன்னேன். எழுந்து போய் வாலின் சைக்கிளுக்குக் காற்றடித்தார். காற்று சரியாகத்தான் இருந்தது.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எனக்குக் கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ராத்திரி வாலைப் போர்த்திவிடும்போது, இவளும் ஐந்தாம் நாள் அப்படித்தானே இருந்தாள், எடுத்தவர் கை கொஞ்சம் இந்தப் பக்கம் போயிருந்தால் இவள் அங்கே இருந்திருப்பாளே என்று வருகிறது. அதற்கப்புறம் எதுவும் தோன்றுவதில்லை.

நீ யோசித்தது போதும். சொல்.

சின்னவள்


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். உன் அத்தானை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், தொப்பைக்காக. இனிமேல் தபால் பெட்டி வரைக்கும் போய் வருவது அவர் வேலை. உனக்கு எழுதுவதை ஆர்டர் நோட்டுக்குள் வைத்துவிட்டால் எடுத்து, நான் விலாசம் எழுதி வைத்த உறையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

மாப்பிள்ளையை ஊமை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பத்து வருடத்துக்கு ஒரு தடவை பேசினாலும் இப்படிப் பேசினால் போதும். உன் அத்தான் தினமும் பேசுகிறார், ஒன்றும் மிச்சமில்லை.

நீ கேட்டதை நான் சும்மா விடவில்லை. கடையில் விசாரணை வைத்தேன். பயப்படாதே, 'எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு' என்றுதான் ஆரம்பித்தேன். சலூன்காரர், ரொட்டி வாங்க வந்த ஓய்வுபெற்ற விலங்கியல் டீச்சர், பால் ஊற்றுகிற அம்மா, மூன்று பேரும் இருந்தார்கள்.

சலூன்காரர், "அஞ்சு நாள்ங்கறீங்க. என் கடையில வெட்டி விழுற முடிக்கு அதைவிட வயசு ஜாஸ்தி" என்றார்.

டீச்சர் விடவில்லை. "முடியை வெச்சு வளர்த்தா ஆளா வருமா? அதை வெச்சா வரும். வித்தியாசம் அதான்."

"அப்போ வெக்கணும். வெக்கவும் வழியில்லை, குடுக்கவும் மனசில்லைன்னா என்னங்க பண்றது?"

"வழியில்லைன்னா மரியாதையா அனுப்பி வைக்கணும். கிடைச்சது லாபம்னு பிரிச்சுப் பாக்கக் கூடாது."

"டீச்சர், நீங்க முப்பது வருஷம் தவளையைப் பிரிச்சுப் பாத்தீங்களே."

"தவளைகிட்ட நான் கையெழுத்து வாங்கலையே, அதை நெனச்சு இப்பத்தான் தூக்கம் வரலை" என்றார் டீச்சர்.

பால் ஊற்றுகிற அம்மா கேனை மூடிக்கொண்டே, "அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள்.

உன் அத்தான் அடுப்பங்கரையிலிருந்து, "கேக் கருகுது" என்று குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தேன். கருகவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

சலூன்காரர் சொன்னதை எழுதினாய். டீச்சர் சொன்னதை எழுதினாய். பால் ஊற்றுகிற அம்மா சொன்னதைக்கூட எழுதினாய். நான் கேட்டது உன்னை.

நான் செய்யப்போவது பாவம் என்று நீ நினைத்தால் நேரே சொல்லியிருக்கலாம். வேடிக்கை பேசி நழுவுவது அதைவிட நன்றாகப் புரிகிறது. இனிமேல் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போலப் பேசலாம்.

சின்னவள்


மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. எழுத்து ஆட்டம் போட்டிருக்கும், பொறுத்துக்கொள். ஏன் என்று இதோடு இருக்கும் இன்னொரு கடிதத்தைப் படித்தால் தெரியும். பிப்ரவரியில் உன் அக்கா எழுதியது. ஆர்டர் நோட்டில், கல்யாண கேக் பக்கங்களுக்கு நடுவில் கிடந்தது. தபாலில் போட மறந்துவிட்டாள் என்று நினைத்து உறையில் வைத்தேன். ஒட்டுவதற்கு முன்னால், 'உன் அத்தானுக்கு' என்று கண்ணில் பட்டது. படித்துவிட்டேன். போடாமல் வைத்திருந்தது என்று புரிந்தது. இருந்தாலும் போடுகிறேன்.

அஞ்சு வாரமாக உன் அக்கா போனை வைத்ததும் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிறாள். கழுவின பாத்திரத்தையே கழுவுகிறாள். நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற மாதிரிப் பேசிக்கொள்வதை என்னால் கேட்க முடியவில்லை. மறைக்கச் சொன்னது நான். தப்பு என்னுடையது.

ஒன்றே ஒன்று. என் கையை நினைத்து எதையும் குறிக்காதே, குறிக்காமலும் இருக்காதே. சோதனை முடிந்து, மருந்தாகி, எங்கள் டாக்டர் கைக்கு அது வருவதற்குள் எனக்குப் பல்லே இருக்காது. கேக்கில் யார் என்ன எழுதினால் எனக்கென்ன. மாப்பிள்ளையும் நீயும் உங்களுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள்.

வாலுக்கு என் முத்தம்.

அத்தான்


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் உன்னிடம் சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள்: பிப்ரவரி 9-ஆம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

உறையின் மேல் விலாசத்தைப் பார்த்ததுமே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். அது அவசர எழுத்து இல்லை, ஆடுகிற எழுத்து என்று தெரிந்துவிட்டது. நடுக்குவாத மாத்திரையை ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்கு எண்ணிக் கொடுக்கிறேன் அக்கா. எந்த வேளைக்குச் சாப்பிட வேண்டும், எதோடு சாப்பிடக் கூடாது என்று முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். என் அத்தானுக்குச் சொல்லவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதினால் காகிதம் போதாது. நேரில் வந்து வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ என்னைப் பாவி என்று நினைக்கவில்லை என்று தெரிந்ததும் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். முதலாளி இருமல் மருந்து கொடுத்தார்.

கடிதத்தை உன் மாப்பிள்ளையிடம் காட்டினேன். படித்ததும் எழுந்து கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்துவிட்டார். "அண்ணனுக்குன்னா யோசிக்கவே வேண்டாம், பேனா எங்க?" என்றார். நீ எதற்குப் பயந்தாயோ அது அப்படியே நடந்தது. நான்தான் பேனாவைக் கொடுக்கவில்லை. மறுநாள் மையத்துக்குப் போன் செய்து, எங்களுடையதை வாங்கும் ஆராய்ச்சிக்கூடம் எந்த நோய்க்கு வேலை செய்கிறது என்று கேட்டேன்.

கண்ணுக்கு அக்கா. வயதானவர்களுக்குப் பார்வை மங்கிப்போகிற நோய் ஒன்று. அதற்கு மட்டும்தான். நடுக்குவாதத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. நமக்கு எந்தக் கூடம் என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது.

மூன்று மாதம் நீ வாயைக் கட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான். இதைச் சொன்னதும் இவர் பேனா தேடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

இப்போது உனக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இப்போது கேட்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அத்தான் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டாம் என்று சொல். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்.

சின்னவள்


ஜூன் 7

அன்புள்ள சின்னவளுக்கு,

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதை உன் அத்தான் ஒப்புக்கொண்டார். ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். பாதி தட்டில் இருந்தது. பேசிவிட்டேன். மாத்திரையை நீ சொன்னபடி மாற்றியிருக்கிறோம். மூன்று நாளாக மத்தியானம் கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. 'டாக்டரைவிட உன் தங்கச்சி தேவலை' என்கிறார்.

கண் என்று நீ எழுதியதைப் படித்தபோது நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு வாந்தி மாதிரி எல்லாம் வெளியே வரும், சகித்துக்கொள். கண் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யாரோ முகம் தெரியாத கிழவர்கள் மேல். அவர்களுக்கு என்ன கேடு, கண்ணாடி போட்டுக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த துணியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்காக வாயைக் கட்டினேன், பெரிய தியாகம் செய்தேன் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

நீ கேட்டதற்குப் பதில். இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். இத்தனை மாதம் ஒரு பெரிய அபிப்பிராயத்தை அடக்கி வைத்திருப்பதாக நினைத்தேன். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது உன் அத்தான் கை நிற்க வேண்டும் என்கிற ஆசை மட்டும்தான். அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அடியில் ஒன்றும் இல்லை சின்னவளே. கொடு என்றும் இல்லை, கொடுக்காதே என்றும் இல்லை. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாக எனக்கு ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் இல்லை. சலூன்காரரிடம் சொன்னேன். "உடம்பைக் காட்டுங்க டாக்டர்கிட்ட" என்றார்.

ஆனால் உனக்கு இருக்கிறது. மார்ச் மாதமே எழுதிவிட்டாய், 'கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது' என்று. மாப்பிள்ளைக்கும் ஏதோ இருக்கிறது, இன்னும் எடை போட்டு முடிக்கவில்லை. நீங்கள் எந்தக் கட்டத்தைக் குறித்தாலும், பின்னால் எந்த நாளில் வருத்தம் வந்தாலும், என்னிடம் சொல்லலாம். நான் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

தேதி நெருங்குகிறது. கடிகாரத்துக்குப் பின்னால் மறுபடி செருக விடாதே.

அபிப்பிராயம் இல்லாத,
உன் அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் அங்கே வருகிறோம். வால் கேக் எழுதப் போகிறாளாம். உன் எழுத்தைப் பற்றிக் கேட்ட பிறகு அவளுக்குத் தைரியம் வந்திருக்கிறது. அத்தானின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வை.

நேற்று படிவத்தைக் கொடுத்துவிட்டோம். மூன்றாவது கட்டம். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் உன் மாப்பிள்ளை வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாக மையத்துக்குப் போய்விட்டார். ஆய்வக அம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்கவாம். "எங்க பொண்ணை உண்டாக்கறதுக்கு நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"எனக்குச் சொல்லிக்குடுத்த ஒரு பெரிய டாக்டர்கிட்ட."

"அவரு?"

"அவரு ஆரம்பிச்ச காலத்துல புத்தகமெல்லாம் கிடையாதுங்க. எவ்ளோ சூடு, எத்தனை நாள், எப்படி உறைய வைக்கிறது, எல்லாம் செஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுது. செஞ்சு பாக்கறதுக்குச் சில பேரு தங்களோடதைக் குடுத்தாங்க. இதே மாதிரி ஒரு தாள்லதான் கையெழுத்துப் போட்டாங்க."

"அவங்க யாரு?"

"பேர் வெளியில சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கும் உங்க பொண்ணைத் தெரியாது."

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் படிவத்தை அவரே எடுத்து மேசையில் பிரித்து வைத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது, ஒட்டினேன். கடைசியில் 'காரணம், விருப்பமிருந்தால்' என்று ஒரு வரி. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் பேனாவை வாங்கி எழுதினார்: 'முன்பின் தெரியாதவர்கள் கொடுத்தது எங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டுகிறது.'

எடை இல்லை என்று அவர் இப்போதும் சொல்லவில்லை அக்கா. இருக்கிறது என்று தெரிந்துதான் கொடுத்தார். நானும்தான். கையெழுத்துப் போடும்போது என் கையும் கொஞ்சம் ஆடியது. அத்தானிடம் சொல், சிரிப்பார்.

மையத்தில் படிவத்தை வாங்கிய பெண், பின்பக்கத்தில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பிக் காட்டினாள். கருக்கள் என்ன ஆயின, எதற்குப் பயன்பட்டன என்று தகவல் அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? நான் 'வேண்டாம்' என்றேன். அதே நொடியில் இவர் 'வேணும்' என்றார். இரண்டையும் குறிக்க முடியாது என்றாள் அந்தப் பெண். பின்னால் வரிசையில் ஆள் சேர்ந்துவிட்டது. கடைசியில் 'வேண்டும்' என்று குறித்து, கடிதம் அவர் பெயருக்கு வரட்டும் என்று எழுதினோம்.

வெளியே வந்ததும், "வந்தா நான் பிரிச்சுப் படிக்கிறேன். நல்ல சேதியா இருந்தா உன்கிட்ட சொல்றேன்" என்றார்.

"கெட்ட சேதியா இருந்தா?"

பஸ் வந்தது. ஏறி, இடம் பிடித்து, எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். டிக்கெட் வாங்கினார். இரண்டு நிறுத்தம் போயிற்று. பதில் அவ்வளவுதான் என்று நான் நினைத்துவிட்டேன்.

"அதையும் சொல்லிடறேன்" என்றார். "இல்லைன்னா உங்க அக்கா வீடு மாதிரி ஆயிடும்."

சனிக்கிழமை பார்ப்போம்.

உன் சின்னவள்